ரோடு சைக்கிளை மலைப்பாதைக்குத் தயார் செய்வது: நான் தலைகீழாகச் செய்த வேலையும் அதன் சரியான வரிசையும்

நான் முதலில் மாற்றியது ஹேண்டில்பாரை. அதுதான் தப்பு.

ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டிலைக் கழற்றிவிட்டு அகலமான நேர் ஹேண்டிலை மாட்டினால் வண்டி மலைச் சைக்கிள் போலத் தெரியும் என்று நினைத்தேன். தெரியத்தான் செய்தது. முதல் செங்குத்து இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். விரல்கள் வலித்தன, வண்டி நிற்கவில்லை. பாதையோரப் புதர் என்னை நிறுத்தியது. முழங்கையில் ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. எங்கே பிசகினேன் என்பதை பிரேக் பகுதியில் சொல்கிறேன்.

என் வண்டி இது: ஸ்டீல் ஃப்ரேம், ஸ்டீல் ஃபோர்க், 700×23 டயர், ரிம்மைக் கவ்வும் காலிப்பர் பிரேக். பின்னால் 9 பல்சக்கரங்கள், 12 முதல் 25 பல் வரை. முன்னால் 50, 34 என்று இரண்டு. மட்கார்டு மாட்டுவதற்கான துளைகள் ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் இருந்தன. அந்தத் துளைகள்தான் என்னைக் காப்பாற்றின என்று அப்போது தெரியாது.

எதை எதிர்பார்க்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரளைப் பாதை, காட்டுக்குள் போகும் ஜீப் தடம், இறுகிய மண் ஒற்றையடிப் பாதை, அங்கங்கே வேர், கைமுஷ்டியளவுக்கு வராத கல் இதெல்லாம் முடியும். பாறையிலிருந்து குதிப்பது, படிக்கட்டு போல இறங்கும் தடம் இதெல்லாம் முடியாது. ரோடு ஃப்ரேமில் ஃபோர்க் நுழையும் தலைக்குழாய் கிட்டத்தட்ட 72 முதல் 74 டிகிரி வரை செங்குத்தாக நிற்கும். இன்றைய மலைச் சைக்கிளில் அது 64 முதல் 68 டிகிரி வரை படுத்திருக்கும், இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரமும் அதிகம். ஃபோர்க்கைத் தவிர வேறு எந்தப் பாகத்தை மாற்றினாலும் இந்தக் கோணம் பெரிதாக மாறாது. ஆகவே வேலை முடிந்த பிறகும் இது கரடுமுரடுக்குப் பழக்கிய ரோடு வண்டிதான். அப்படி ஏற்றுக்கொண்டால் நல்ல வண்டி.

சரியான வரிசை: ஃப்ரேமைச் சோதித்து அளவெடுப்பது, டயர், பிரேக், கியர். மற்றதெல்லாம் அப்புறம்.

எதையும் வாங்குவதற்கு முன்

வண்டியை நன்றாகத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கம், பெடலைத் தாங்கும் கிராங்க் உட்காரும் இடத்தைச் சுற்றி, சீட் குழாயின் வாய், பின் ஆக்சில் மாட்டும் இடம் ஆகிய நான்கையும் விடாமல் பாருங்கள். துடைத்த பிறகும் மெல்லிய கருங்கோடாக அழுக்கு நின்றாலோ பெயிண்ட் கொப்பளித்திருந்தாலோ அங்கே விரிசல் இருக்கலாம். விரிசல் என்று சந்தேகம் வந்தால் இந்த வேலையை அதோடு நிறுத்துங்கள். ஸ்டீல் பெரும்பாலும் வளைந்து, முனகி, எச்சரித்துவிட்டுத்தான் போகும். அலுமினியத்திடமும் கார்பனிடமும் அந்தப் பொறுமை குறைவு. முன்பு எப்படி ஓட்டப்பட்டது, எங்கே விழுந்தது என்று தெரியாத பழைய கார்பன் ஃப்ரேமை நான் கல் பாதைக்கு எடுத்துப் போக மாட்டேன். கார்பன் ஃபோர்க்கை இன்னும் நிச்சயமாக எடுத்துப் போக மாட்டேன்.

அடுத்தது அளவு. எவ்வளவு அகல டயர் நுழையும் என்பதுதான் இந்த மொத்த வேலையின் தலையெழுத்து. நான்கு இடங்களில் பார்க்க வேண்டும்: ஃபோர்க் உச்சியின் அடிப்பக்கம், ஃபோர்க்கின் இரு கால்களுக்கு இடையே, செயின்ஸ்டே எனப்படும் பின் கீழ்க்குழாய்கள் இரண்டுக்கும் இடையே, முன்னும் பின்னும் காலிப்பரின் அடிவயிறு. தனிக் கருவி தேவையில்லை. அலன் கீகளே அளவுகோல்: 4, 5, 6 மிமீ கீகளை டயருக்கும் குழாய்க்கும் நடுவே சொருகிப் பாருங்கள். போதாவிட்டால் இரண்டைச் சேர்த்துச் சொருகுங்கள். டயரில் முழுக் காற்று இருக்க வேண்டும்.

கணக்கு சுலபம். என் செயின்ஸ்டேக்களுக்கு இடையே, டயரின் அகலமான பகுதி வரும் இடத்தில், 45 மிமீ இருந்தது. இரு பக்கமும் 5 மிமீ விட்டால் மிச்சம் 35. ஆனால் டயர் பக்கவாட்டில் மட்டும் வளர்வதில்லை, அகலம் கூடும் அளவுக்கு ஏறக்குறைய உயரமும் கூடும். பின் காலிப்பருக்கும் 23 மிமீ டயரின் உச்சிக்கும் நடுவே 14 மிமீ இருந்தது. 32 மிமீ டயர் போட்டால் உயரம் 9 மிமீ கூடும், மிச்சம் 5. ஆக, செயின்ஸ்டே 35-க்கு இடம் கொடுத்தாலும் பிரேக் 32-க்கு மேல் விடாது. முன்னால் 17 மிமீ இருந்ததால் 35 நுழைந்தது. முன்னால் 35, பின்னால் 32 என்று முடித்தேன். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அகலமானது முன்னால் போவதே நல்லது, பிடிப்பும் அதிர்வுத் தாங்கலும் கைகளுக்குத்தான் அதிகம் வேண்டும்.

டயரில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ரிம் அகலமாக இருந்தால் அதே டயர் ஓரிரு மிமீ அதிகம் விரியும். பக்கவாட்டில் முட்கள் இருந்தால் அவை கணக்கில் தனி.

5 மிமீ எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் செயின்ஸ்டேயின் உள்பக்கத்தைக் காட்டுவேன். ஆரம்பத்தில் ஆசைப்பட்டுப் பின்னால் 35 மிமீ டயரைக் காற்று குறைத்துத் திணித்தேன். பக்கவாட்டில் 5 மிமீ இருந்தது, மேலே 2 கூட இல்லை. ஈரமண் காலிப்பருக்கு அடியில் அப்பி, கெட்டித்து, பக்கங்களிலும் இறங்கி உப்புத்தாள் மாதிரி பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டிவிட்டது. பின்சக்கரமாக இருந்ததால் பெயிண்டோடு போயிற்று. முன்சக்கரத்தில் ஒரு கூழாங்கல் சிக்கிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவர் ஹேண்டிலுக்கு மேலாகப் பறப்பார்.

டயர்

இந்த மாற்றத்தில் பாதிக்கு மேல் பலன் டயரிலிருந்துதான் வருகிறது. வேறெதையும் தொடாமல் டயரை மட்டும் மாற்றினாலே வண்டி வேறு வண்டி.

32, 33 மிமீ போதுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு செய்தி: சேற்றிலும் மணலிலும் புல்மேட்டிலும் நடக்கும் சைக்ளோகிராஸ் பந்தயங்களில் சர்வதேசச் சங்கமான யூசிஐ அனுமதிக்கும் அதிகபட்ச டயர் அகலமே 33 மிமீதான். அந்தப் பந்தயத்துக்கு உலக சாம்பியன்ஷிப் 1950 முதல் நடக்கிறது. ரோடு வண்டியைச் சேற்றுக்குள் விடுவது நாம் கண்டுபிடித்த கிறுக்குத்தனம் அல்ல.

முள் வடிவத்தைப் பொறுத்தவரை, நடுவில் தாழ்வான நெருக்கமான முட்கள், ஓரத்தில் சற்று உயரமான முட்கள் உள்ள டயரை எடுங்கள். தார்ச்சாலையில் மலையடிவாரம் வரை ஓட்டிப்போகும்போது நடுப்பகுதி இழுக்காது, வளைவில் சாயும்போது ஓரம் பிடிக்கும். முழுக்க உயர முள் உள்ள டயர் ஈரச் சேற்றுக்கு மட்டும் லாயக்கு. கல்லில் அது கூச்சமாக நெளியும்.

டிஸ்க் பிரேக் உள்ள ரோடு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: சக்கரத்தையே 650பி ஆக்குவது. 700சி ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மிமீ, 650பி-யில் 584. இப்போது கணக்குப் போடுங்கள். 622 உடன் 28 மிமீ டயரின் உயரத்தை இருபுறமும் கூட்டினால் 678. 584 உடன் 47 மிமீ டயரைக் கூட்டினாலும் 678. சக்கரத்தின் மொத்த உயரம் மாறவில்லை, கிராங்க் தரையிலிருந்து நிற்கும் உயரமும் மாறவில்லை, ஆனால் டயர் 28-லிருந்து 47 ஆகிவிட்டது. டயரின் அகலமான பகுதி ஆக்சிலை நோக்கிச் சற்று நகர்வதால் செயின்ஸ்டேக்கள் கொஞ்சம் விரிந்திருக்கும் இடத்துக்கு அது வந்துவிடும். அதுவும் சாதகம்தான். ஆனாலும் எல்லா ஃப்ரேமும் 47 வாங்காது, அளந்த பிறகே முடிவு. டிஸ்க் ஆக்சிலோடு இருப்பதால் ரிம் சிறிதானது அதற்குத் தெரியாது. என்னைப் போல ரிம் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு இது நடக்காது. ரிம் 19 மிமீ கீழே போய்விடும், பிரேக் கட்டை அதுவரை எட்டாது.

காற்றழுத்தம்தான் பலர் சறுக்கும் இடம். 23 மிமீ டயருக்கு 100 பிஎஸ்ஐ அடித்துப் பழகிய கை, 35-க்கும் 80 அடிக்கும். அப்படி அடித்தால் அகல டயர் போட்டதற்கே அர்த்தமில்லை, ஒவ்வொரு கல்லும் வண்டியைத் தூக்கி எறியும். நான் 72 கிலோ. ட்யூப் போட்ட டயரில் முன்னால் 40, பின்னால் 48 பிஎஸ்ஐ வைக்கிறேன். உங்கள் அளவைக் கண்டுபிடிக்க 55-ல் தொடங்கி, ஒரே கல் பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு முறையும் 3 பிஎஸ்ஐ இறக்குங்கள். கல்லில் ரிம் தட்டும் 'டக்' சத்தம் கேட்டதும் நிறுத்தி 5 ஏற்றுங்கள். அதற்கும் கீழே போனால் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தாற்போல இரண்டு ஓட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் விழும்.

ட்யூப் இல்லாமல், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தை ஊற்றி ஓட்டினால் இன்னும் இறக்கலாம். ஆனால் அதற்கென்று செய்த ரிம்மும் டயரும் வேண்டும். பழைய ரோடு ரிம்மில் டேப் சுற்றிச் சமாளிப்பதைச் சிலர் செய்கிறார்கள். இறக்க வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்து நான் அதைச் செய்யவில்லை.

ஒரு சின்ன எரிச்சல் மிச்சம்: காலிப்பரின் வாய் 32 மிமீ அளவுக்குத் திறக்காது. சக்கரத்தைக் கழற்றக் காற்றை இறக்க வேண்டும், மாட்டிய பிறகுதான் காற்று அடிக்க வேண்டும். பாதையில் பஞ்சர் ஒட்டிவிட்டு, முழுக் காற்று அடித்து, அப்புறம் சக்கரத்தை உள்ளே நுழைக்க முடியாமல் விழித்த அனுபவம் எனக்கு இரண்டு முறை.

பிரேக்

இப்போது என் புதர்க் கதை. பிரேக் லிவர்கள் எல்லாம் ஒரே மாதிரி கேபிளை இழுப்பதில்லை. மலைச் சைக்கிளில் ரிம்மை இரண்டு நீளக் கைகளால் கவ்வும் வி-பிரேக்குக்கான லிவர் கேபிளை நீளமாக, ஆனால் குறைந்த விசையோடு இழுக்கும். ரோடு காலிப்பருக்கான லிவர் குறைவான நீளத்தை அதிக விசையோடு இழுக்கும். நான் நேர் ஹேண்டிலோடு சேர்த்து வி-பிரேக் லிவரை வாங்கிக் காலிப்பரோடு இணைத்தேன். விற்பவரும் ஒன்றும் சொல்லவில்லை. லிவர் கல்லு மாதிரி கெட்டியாக இருந்தது, 'பிரேக் நல்லா டைட்டா இருக்கு' என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் கெட்டித்தனம்தான் அபாயத்தின் அறிகுறி, ரிம்மை அழுத்தும் விசை பாதியாகிவிட்டிருந்தது. தலைகீழாகவும் தப்பு நடக்கும்: ரோடு லிவரை முழு நீள வி-பிரேக்கோடு இணைத்தால் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டிலைத் தொட்டுவிடும். கேபிள் டிஸ்க் பிரேக்கிலும் ரோடு லிவருக்கு ஒரு வகை, மலைச் சைக்கிள் லிவருக்கு ஒரு வகை என்று காலிப்பர்கள் தனித்தனியாக வருகின்றன. வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வராதீர்கள்.

காலிப்பரில் ஆணி உட்காரும் இடத்திலிருந்து பிரேக் கட்டை வரை உள்ள நீளத்துக்கு 'ரீச்' என்று பெயர். பந்தய வண்டிகளில் அது 39 முதல் 49 மிமீ வரை. மட்கார்டு மாட்டும் வகை வண்டிகளில் பெரும்பாலும் 47 முதல் 57. மட்கார்டு துளைகள் என்னைக் காப்பாற்றியது இப்படித்தான். ஃப்ரேமில் நீள ரீச் காலிப்பருக்கு இடம் விட்டிருந்தார்கள், அதனால் டயருக்கும் இடம் கிடைத்தது. உங்கள் வண்டியில் குட்டை ரீச் என்றால் 28-க்கு மேல் போவது கஷ்டம். கட்டை காலிப்பரின் பிளவில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், மேல் முனையில் நின்றால் நீள ரீச்சுக்கு மாற்ற வழியில்லை என்று பொருள்.

ரிம் பிரேக்கோடு மண்பாதையில் இறங்கும்போது மணல் துகள் கட்டையில் பதிந்து அலுமினிய ரிம்மை அரைக்கும். இரண்டு சவாரிக்கு ஒருமுறை கட்டைகளைக் கழற்றி, பதிந்த துகளை ஊசியால் தோண்டி எடுத்து, மேற்பரப்பை உப்புத்தாளில் தேய்த்துவிடுகிறேன். நனைந்தால் முதல் ஒரு சுற்று பிரேக் பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே லேசாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

டிஸ்க் உள்ளவர்கள் பாக்கியசாலிகள். 140 மிமீ தட்டு இருந்தால் முன்னால் 160 போட ஃபோர்க்கும் அடாப்டரும் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவே.

நீண்ட இறக்கத்தில் சூடு சாதாரண விஷயமல்ல. 1976-ல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில பேர் பழைய பலூன் டயர் சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்தின் நடுவில் ஹப்புக்குள் இருக்கும் பிரேக் கொதித்து கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. மலைச் சைக்கிள் என்ற வகையே அங்கிருந்துதான் வளர்ந்தது. அவர்களும் வேறு வேலைக்குச் செய்த வண்டியைத்தான் மலையில் இறக்கினார்கள்.

கியர்

மலைப்பாதையில் செங்குத்தான ஏற்றம் வந்தால் என் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர்தான். என் பழைய கியரில் மிக லேசானது முன்னால் 34, பின்னால் 25. விகிதம் 1.36. அதில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் 10 கிலோமீட்டர் வரும். 5 கிலோமீட்டரில் போக வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 29 சுற்றுதான். அது சைக்கிள் மிதிப்பதல்ல, மாவுக்கல்லை ஆட்டுவது. தளர்ந்த சரளையில் அப்படி ஒவ்வொரு மிதியாக அழுத்தினால் பின்சக்கரம் சறுக்கும், முட்டியும் போகும்.

ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்து 9 கியர் பாகங்கள் உள்ள வண்டிகளில் ஒரு வசதி உண்டு. ரோடு ஷிஃப்டரும் (கியர் மாற்றும் லிவர்) அதே 9 கியர் காலத்து மலைச் சைக்கிள் பின் டெரெய்லரும் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் கருவி) ஒத்துப்போகும், கேபிள் இழுக்கும் கணக்கு ஒன்றுதான். அதனால் பின்னால் 11 முதல் 34 பல் வரையிலான கேசட்டும் (பின் பல்சக்கரத் தொகுதி), நீளக் கால் கொண்ட மலைச் சைக்கிள் டெரெய்லரும் போட்டேன். 8 கியருக்கும் இது பொருந்தும். 10 கியர் ரோடு ஷிஃப்டர்களில் பெரும்பாலானவையும் அதே 9 கியர் மலை டெரெய்லரை இயக்கும், ஷிமானோவின் டியாக்ரா 4700 வரிசை மட்டும் விதிவிலக்கு. 11 கியருக்கு வந்தால் கணக்கு வேறு. அங்கே சரளைப் பாதைக்கான கிராவல் வண்டிக்கென்றே ஷிமானோ செய்யும் ஜிஆர்எக்ஸ் பாகங்களைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

டெரெய்லரை மாற்ற மனமில்லாவிட்டால், அதைத் தாங்கும் ஹேங்கரை நீட்டிக்கும் சிறு துண்டு ஒன்று கிடைக்கிறது. அதை மாட்டி, டெரெய்லரில் உள்ள பி-திருகை உள்ளே முறுக்கினால் பெரிய பல்சக்கரத்தில் டெரெய்லரின் மேல்சக்கரம் உரசாமல் நிற்கும். நண்பன் ஒருவன் வண்டியில் பல மாதமாக ஓடுகிறது. கியர் மாறுவதில் கொஞ்சம் சோம்பல், வேறு குறையில்லை.

பெரிய கேசட் போட்டால் பழைய செயின் நீளம் போதாது. டெரெய்லர் வழியாக விடாமல், முன் பெரிய பல்சக்கரத்தையும் பின் பெரிய பல்சக்கரத்தையும் நேராகச் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்துக்கு மேல் ஒரு ஜோடிக் கண்ணி, அதாவது ஒரு அங்குலம், கூட்டி வெட்டுங்கள். இதில் கஞ்சத்தனம் செய்தால் தவறிப்போய் பெரிது-பெரிது கியருக்கு மாற்றிய நொடியில் டெரெய்லர் பிய்த்துக்கொண்டு வரும்.

முன்னால் நான் 50 பல் சக்கரத்தைக் கழற்றி எறிந்தேன். காட்டுக்குள் அதற்கு வேலையில்லை, கீழே தொங்கும் பெரிய சக்கரம் கல்லில் இடிக்கத்தான் உதவும். 34 மட்டும், அதுவும் அகலமும் குறுகலுமாக மாறி மாறிப் பல் வைத்த வகை. செயினை நன்றாகக் கவ்வும். 50 இருந்த இடத்தில் ஒரு அலுமினியக் காப்பு வளையம். வளையம் போடாதவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: இரண்டு சக்கரங்களுக்கான போல்ட் ஒற்றைச் சக்கரத்துக்கு நீளமாகப் போய் இறுகாது, குட்டை போல்ட் தனியாக வாங்க வேண்டும்.

இப்போது மிக லேசான கியர் 34-க்கு 34, சரியாக 1. அதே 5 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 39 சுற்று. சுகம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முடிகிறது. முழு மலைச் சைக்கிளில் 32-க்கு 51 எல்லாம் உண்டு, அந்த ஆடம்பரம் நமக்கு இல்லை. மிகச் செங்குத்தில் இறங்கித் தள்ளுகிறேன், அதில் வெட்கம் இல்லை. மேல் பக்கம் 34-க்கு 11-ல் 90 சுற்று மிதித்தால் மணிக்கு 36 கிலோமீட்டர் வருகிறது. காட்டுப் பாதையில் அதற்கு மேல் எனக்குத் தைரியமும் இல்லை. முன்னால் இரண்டு பல்சக்கரம் வேண்டும் என்பவர்கள் 46, 30 ஜோடியைத் தேடலாம், 30-க்கு 34 என்றால் 0.88 கிடைக்கும்.

9 கியர் காலத்து டெரெய்லரில் செயினை இழுத்துப் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. கல் பாதையில் செயின் துள்ளும், சில சமயம் கழலும். இதற்குக் காசில்லா வைத்தியம்: முன் டெரெய்லரைக் கழற்றாதீர்கள். கேபிளை மட்டும் எடுத்துவிட்டு, அதன் இரண்டு எல்லைத் திருகுகளையும் முறுக்கி 34-க்கு நேர் மேலே அசையாமல் நிறுத்துங்கள். செயினுக்கு அது வேலியாக நிற்கும். அதன் பிறகு எனக்குச் செயின் கழன்றது ஒரே ஒரு முறை.

ஹேண்டில், சக்கரம், மற்ற சில்லறை

புதருக்குப் பிறகு வளைந்த ஹேண்டிலையே திரும்ப மாட்டினேன். அமெரிக்கப் பந்தய வீரர் ஜான் டோமாக் 1990-ல் மலைச் சைக்கிள் பந்தயங்களையே வளைந்த ஹேண்டிலோடு ஓட்டினார், நமக்கென்ன. பழையதைவிட அகலமான, கீழ்ப்பகுதி வெளியே விரிந்த ஹேண்டில் போட்டேன், ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மை 110-லிருந்து 80 மிமீ ஆக்கிச் சற்று உயர்த்தினேன், டேப்பை இரண்டு அடுக்காகச் சுற்றினேன். இறக்கத்தில் கைகள் கீழ் வளைவில் இருக்க வேண்டும். அங்கிருந்துதான் லிவரை ஒரே விரலால் முழுப் பலத்தோடு இழுக்க முடியும். மேலிருந்து பிடித்தால் கை நழுவும்.

நேர் ஹேண்டில்தான் வேண்டும் என்றால் குறை இழுப்பு லிவர், அதற்கேற்ற ஷிஃப்டர் இரண்டும் சேர்த்து வாங்க வேண்டும். வளைந்த ஹேண்டிலில் கைபிடிக் குழாயின் விட்டம் 23.8 மிமீ, நேர் ஹேண்டிலில் 22.2. ஒன்றின் லிவர் மற்றதில் உட்காராது.

சஸ்பென்ஷன் ஃபோர்க் மாட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். ரோடு ஃபோர்க்கில் ஆக்சிலிலிருந்து உச்சி வரை சுமார் 370 மிமீ. 29 அங்குலச் சக்கரத்துக்கான 100 மிமீ சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் சுமார் 500. முன்பக்கம் 130 மிமீ எழும்பும். 20 மிமீ-க்கு ஒரு டிகிரி என்ற தோராயக் கணக்கில் தலைக்கோணம் ஆறு டிகிரிக்கு மேல் சாயும், ஹேண்டில் தானாக ஒரு பக்கம் விழும், தலைக்குழாயின் மூட்டு தாங்கவே செய்யப்படாத பாரத்தைத் தாங்க வேண்டிவரும்.

சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி எத்தனை என்று எண்ணுங்கள். 32 என்றால் கோட்டம் எடுத்து, கம்பிகளை ஒரே இழுவைக்குக் கொண்டுவந்து தைரியமாகப் போகலாம். வீணைக் கம்பி மாதிரி விரலால் மீட்டிப் பாருங்கள், ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். 20, 24 கம்பிப் பந்தயச் சக்கரத்தை வீட்டில் வைத்துவிடுங்கள். மலைச் சைக்கிளின் பின்சக்கரத்தை அப்படியே கொண்டுவந்து மாட்டவும் முடியாது. ரிம் பிரேக் ரோடு ஃப்ரேமில் பின் இடைவெளி 130 மிமீ, பழைய மலை ஹப் 135. ஸ்டீல் ஃப்ரேமை விஷயம் தெரிந்தவர் விரித்துக் கொடுக்கலாம், அலுமினியத்தையும் கார்பனையும் யாரும் விரிக்கக் கூடாது.

பெடலுக்கு ஆணி வைத்த அகலத் தட்டு வகை. எல்லாப் பெரிய வண்டிகளிலும் ஏறக்குறைய ஒரே மரைதான், 9/16 அங்குலம். இடது பெடலுக்கு இடது மரை என்பதை மறந்துவிட்டுக் கிராங்க்கை நாசம் செய்யாதீர்கள். சீட்டை 10 மிமீ இறக்குங்கள்.

முன் டயர் பெரிதானால் ஷூ நுனி டயரில் இடிக்கும். பெடலைக் கிடையாக வைத்து ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். என் வண்டியில் இடிக்கிறது. மெதுவாகத் திரும்பும்போது மிதிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன், வேறு வழியில்லை.

கிழிந்த ட்யூபை நீளவாக்கில் வெட்டிக் கீழ்க்குழாயின் அடியிலும் வலது செயின்ஸ்டேயிலும் சுற்றுங்கள். முன்சக்கரம் எறியும் கல்லுக்கும் துள்ளும் செயினுக்கும் அது கவசம்.

முதல் சவாரி

நேராக மலைக்குப் போகாதீர்கள். புல்தரையில் அரை மணி நேரம் ஓட்டி, ஓடும்போதே முன் பிரேக்கை அழுத்தி ஃபோர்க் கழுத்து ஆடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் 20 கிலோமீட்டர் எளிய மண்பாதை. திரும்பி வந்ததும் ஸ்டெம், கிராங்க், கேசட், பிரேக் ஆணிகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். எனக்கு அன்றைக்கு முன் பல்சக்கரக் காப்பு வளையத்தின் ஒரு போல்ட்டைக் காணவில்லை.

பையில் இரண்டு ட்யூப், ஒட்டும் சாமான், பம்ப், செயின் கருவி, 9 கியர் செயினுக்கான ஒரு இணைப்புக் கண்ணி, உங்கள் ஃப்ரேமுக்கான டெரெய்லர் ஹேங்கர் ஒன்று. பழைய டயரில் வெட்டிய உள்ளங்கையளவு துண்டு ஒன்றும் இருக்கட்டும். டயரின் பக்கம் கிழிந்தால் உள்ளே வைத்து வீடு வந்து சேரலாம்.

ஓட்டும் முறையும் மாற வேண்டும். இறக்கத்தில் எழுந்து நின்று, இரு பெடலையும் கிடையாக வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்கை முழங்காலைத் தளர்த்துங்கள். சஸ்பென்ஷன் நம் கை கால்தான். பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பெரிய பாறைத் திட்டு வந்தால் வண்டியைத் தோளில் போட்டு நடங்கள். முழு மலைச் சைக்கிளை அப்படித் தூக்கிப் பாருங்கள், ரோடு வண்டியின் அருமை அப்போது தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் ரிம்மைத் துடைத்து, அதன் பக்கவாட்டில் ஒரு நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஸ்கேலுக்கும் ரிம்முக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் சுவர் உள்வாங்கித் தேய்ந்திருக்கிறது. பல ரிம்களில் தேய்மானம் காட்ட ஒரு சிறு குழியோ கோடோ இருக்கும், அது மறைந்தால் ரிம் முடிந்தது. என் பின் ரிம்மில் எட்டாவது மாதம் அந்தக் குழி மறைந்தது. ரோட்டில் அதே ரிம் நான்கு வருடம் ஓடியிருந்தது. பின்சக்கரத்துக்குப் புது ரிம் கட்டியாகிவிட்டது, முன் ரிம்மில் குழி இன்னும் விரல் நகத்தில் தட்டுகிறது.